உங்களுக்குத் தெரியுமா? சான்ட்ரோ வந்த வருடம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து கொரிய நிறுவனமான ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது 1998இல். கொரியர்கள் அந்த ஆண்டை மறக்காததற்கு வேறொரு காரணம் உண்டு: 20 வயது பாக் செ-ரி அமெரிக்க மகளிர் ஓபன் கோல்ஃப் பட்டம் வென்றது அப்போதுதான். எதிர்த்து நின்றவர் ஒரு அமெச்சூர், கல்லூரி மாணவி! இருவரும் சமநிலையில் முடிக்க, கூடுதலாக 20 குழிகள் ஆட வேண்டியதாயிற்று. நடுவில் பந்து குளத்தோரச் சரிவில் சிக்கிக்கொள்ள, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்தார் செ-ரி. நிதி நெருக்கடியில் துவண்டிருந்த நாட்டுக்குத் தெம்பூட்ட அந்த ஒரு அடி போதுமானதாக இருந்தது. அதை டிவியில் பார்த்த சிறுமிகளில் ஒருவரான பாக் இன்-பி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அங்கே கொரிய அணியின் பயிற்சியாளர் செ-ரி. அதே ரியோவில் இந்தியாவுக்காக கோல்ஃப் ஆடிய பெங்களூருப் பெண் அதிதி அசோக் பிறந்ததும் 1998இல்தான்!