பித்தக் குழாயில் நாக்குப்பூச்சி

பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தப்போ மூணு வாரம் கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தோம். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு நிறம். கடைசியில் ஸ்கேன் எடுத்தால், பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. கல்லைத் தவிர வேறென்ன அந்தக் குழாயை அடைக்கும்னு தேட ஆரம்பிச்சவனுக்கு ஸ்ரீநகரிலிருந்து ஒரு பதில் கிடைத்தது: நாக்குப்பூச்சி!

பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுக்கிறார்களே, அதே உருண்டைப்புழுதான். 15 முதல் 35 செ.மீ. நீளம், பென்சிலை விட மெல்லிசு. குடியிருப்பது சிறுகுடலில். பித்தக் குழாய் வந்து திறப்பதும் அங்கேதான்; வாசலில் வால்வு மாதிரி ஒரு சுருக்குத் தசை. சந்து கண்டால் நுழைகிற குணம் இந்தப் புழுவுக்கு. நுழைந்தால் கடுமையான வயிற்றுவலி. பித்தம் தேங்கினால் காமாலை.

ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் கழகத்தின் முகமது சுல்தான் குரூவும் சகாக்களும் இப்படிப்பட்ட 500 நோயாளிகளைப் பற்றி 1990இல் லான்செட் இதழில் எழுதினார்கள். எனக்கு வந்த முதல் கேள்வி: மாத்திரை போட்டுக் கொன்றுவிட வேண்டியதுதானே?

அங்கேதான் விஷயம். அல்பெண்டசோல் பித்தத்தில் போதுமான அளவு போய்ச் சேராது. அதோடு, குழாய்க்குள் செத்த புழு தானாக வெளியே வராது. அங்கேயே கிடந்தால் அதைச் சுற்றிக் கல் வளரும். உயிரோடு இருக்கும் புழுவோ பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடும். அதனால் வலிக்கு மருந்து, சாப்பாட்டுக்குப் பதில் சலைன், அடிக்கடி ஸ்கேன். உள்ளே நெளிவது திரையிலேயே தெரியும்! குடலுக்குத் திரும்பிய பிறகுதான் பூச்சி மாத்திரை. 3 வாரமாகியும் வெளியே வராவிட்டால் எண்டாஸ்கோப் விட்டு இழுத்துவிடுகிறார்கள்.

வாசல் தசையை வெட்டிப் பெரிசாக்கவும் யோசிக்கிறார்கள். ஒரு பக்-ஐ சரிசெய்யப் போய் போர்ட்டைத் திறந்து வைத்த கதை. அடுத்த புழு சுலபமாக ஏறிவிடும்.

இதே குரூதான் 1978இல் காஷ்மீரில் பரவிய காமாலையையும் ஆராய்ந்தவர். அது இன்று ஹெபடைடிஸ் ஈ எனப்படும் வைரஸ். குழாயில் அடைப்பில்லை, கல்லீரலையே தாக்குவது. கண்ணில் தெரியும் மஞ்சள் மட்டும் ஒன்றுதான்.

அடைப்புக் காமாலையோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி பித்தக் குழாயில் ஏறிவிட்டதென்று அர்த்தம். அப்போது காத்திருப்பே கிடையாது, உடனே அடைப்பை நீக்கியாக வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த மூணு வாரத்தில் காய்ச்சல் வரவில்லை. இதைப் படிக்கும்வரை அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது.