ஆறாத புண்ணும் ஒட்டு மாங்கன்றும்

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை செய்துகொள்வதை எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் "கரண்ட் வைத்தல்" என்பார்கள். உண்மையில் அங்கே உடலில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. புற்றணுக்களைக் கொல்வது ஊடுருவும் கதிர். நோய் நீங்கிய சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அதே இடத்தில் புண் திறந்துகொண்டு, மூடவே மறுப்பதுண்டு.

காரணம் இதுதான். புண்ணை ஆற்றுவது இரத்தம். கதிர் பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் தடித்து, நாளடைவில் குழாயே அடைபடுகிறது. பிராணவாயு குறைகிறது, புதுத் தசையை உண்டாக்கும் அணுக்களும் குன்றுகின்றன. தொடைத் தோலை மெல்லியதாகச் சீவி ஒட்டினாலும் பெரும்பாலும் பிடிக்காது. ஒட்டிய தோலுக்கு இரத்தம் தரவேண்டியது அடியிலுள்ள தசைதானே!

ஆகவே இரத்தக் குழாயோடு கூடிய தசையையே கொண்டுவந்து மூடுகிறார்கள். இதனை 'ஃபிளாப்' என்பர்; தசைமடல் எனலாம். மாங்கன்று ஒட்டுக்கட்டும் பழைய முறையை அறிந்த கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாய்மரக் கிளையை வெட்டாமலே கன்றோடு சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டும் கூடிய பிறகே தாயிடமிருந்து அறுப்பார்கள்.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. நமது பாராமகாலைக் கும்பினியார் கையில் சேர்த்த 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் மூக்கறுபட்டவர் காவஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரர். அவருக்குப் பூனாவில் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்ததை 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்துடன் வெளியிட்டது. நெற்றியோடு இணைந்திருந்த காம்பைச் சுமார் 25 நாள் கழித்தே அறுப்பதாக அதில் கண்டிருந்தது.

1979-இல் ஸ்டீபன் ஆரியன் என்னும் அமெரிக்க மருத்துவர், மார்புத் தசையை அதன் தமனியோடு கழுத்துத் தோலுக்கடியில் மேலேற்றி, முகத்தையும் வாயையும் மூடும் முறையை வெளியிட்டார். இதில் காம்பை அறுக்கவே வேண்டியதில்லை.

என் தாய்மாமனுக்கு இம்முறையில்தான் செய்தார்கள். புகையிலை அடக்கிய பழக்கத்தால் வந்த கன்னப் புற்று. கதிருக்குப் பின் தாடையோரம் ஒரு துளை. குடித்த கஞ்சி கழுத்தில் வழியும். மஞ்சளும் களிம்பும் பத்தியமுமாக ஆறு மாதம் வீணாயிற்று. பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார். மருத்துவர்கள் முதலில் சிறு துண்டு எடுத்து, மீண்டும் புற்றா என்று சோதித்தார்கள். இல்லை என்று தெரிந்தபின், செத்த தசையை இரத்தம் கசியும் மட்டும் வெட்டி நீக்கி மடலை வைத்துத் தைத்தார்கள்.

அடுத்த சில நாள்கள்தாம் கண்டம். செவிலியர் இரவும் பகலும் மடலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தனர். வெளிறினால் தமனியில் தடை. கருநீலமானால் சிரையில் தடை. உடனே மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும். மாமனுக்கு அது நேரவில்லை. மார்புத் தோலாயிற்றே, வாய்க்குள் சில முடிகள் முளைத்தன. அவற்றைக் கத்தரிக்க அவ்வப்போது மருத்துவமனைக்குப் போய்வருகிறார்.