வானலைக்கும் வரப்பு உண்டு

கோலாலம்பூரிலிருந்து உந்து வண்டியில் வானொலி கேட்டுக்கொண்டே கேமரன் மலைக்குச் செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். தலைநகரில் 96.3 மெகாஹெர்ட்சில் தெளிவாக ஒலித்த மின்னல் பண்பலை, வடக்கே செல்லச் செல்ல மங்கி இரைச்சலாகும். முள்ளை நகர்த்தினால் வேறோர் எண்ணில் அதே குரல் மீண்டும் எழும். நிலையம் ஒன்று, நிகழ்ச்சியும் ஒன்று. எண் மட்டும் ஊருக்கு ஊர் மாறுவது ஏன்? மாணவன் கேட்டால், "அது அரசாங்க ஏற்பாடு" என்று கூறித் தப்பிவிடலாம். ஏற்பாடுதான்; ஆனால் அதில் மலைக்கும் பங்குண்டு.

தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, பகாங், பேராக் மாநிலங்களின் எல்லையில், பிரிஞ்சாங் சிகரம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் உள்ளன. பண்பலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. இடையே தடையில்லையாயின், அவ்வுயரத்திலிருந்து 180 கிலோமீட்டர் வரை எட்டும் என்பது கணக்கு. கோலாலம்பூரோ வான்வழியில் 160 கிலோமீட்டர்தான்! இரண்டிடத்திலும் 96.3 என்னும் எண்ணையே வழங்கினால், நடுவிலுள்ள ஊர்களில் இரு அலைகளும் மோதும். பண்பலையில் வலியது மெலியதை அமுக்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒத்த வலிமையாயின், மாறி மாறி மேலெழுந்து பேச்சைச் சிதைக்கும். நிகழ்ச்சி ஒன்றேயாயினும் பயனில்லை. தொலைவு வேறுபடுவதால் ஓர் அலை முந்தியும் மற்றது பிந்தியும் வந்து சேர்கின்றன.

இனி, உச்சிக்கு அருகில் வாழ்வோர் நிலை என்ன? 1929இல் தொடங்கிய போ தோட்டத்திலும் பிற தோட்டங்களிலும் நெடுங்காலம் கொழுந்து பறித்தோர் பெரும்பாலும் தமிழர். இன்று அவ்வேலையில் அயல்நாட்டார் பலர் உள்ளனர். லயங்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளில் அமைந்தவை. பண்பலையின் நீளம் சுமார் 3 மீட்டரே. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மத்திய அலை நிலத்தைத் தழுவி மேடு பள்ளங்களைத் தாண்டும்; பண்பலையால் அவ்வாறு வளைய இயலாது. ஆகவே தொலைவிலுள்ள பேராக் சமவெளியான் கேட்பதை, மலை முதுகுக்குப் பின்னால் இருப்பவன் கேளாமற்போகலாம். விளக்கின் அடியில் இருள் என்பார்களே, அதுதான். சிறு அஞ்சல் நிலையம் ஒன்றை அங்கே நிறுவலாம். ஆனால் அதற்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண் சுற்றிலுமுள்ள எந்த நிலையத்தோடும் மோதக் கூடாது.

உச்சியிலேயே மற்றொரு சிக்கல் உண்டு; நம்மில் பலர் அறியாதது. ஒரே இடத்தில் பல அனுப்பிகள் இயங்கும்போது, துருப்பிடித்த ஓர் இணைப்பும் போதும், இரண்டு அலைகள் அதில் கலந்து, எவரும் அனுப்பாத மூன்றாம் அலை பிறந்துவிட. அதன் எண்ணைக் கணக்கிடுவது எளிது: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழிக்க வேண்டும். சான்றாக, 107, 104 ஆகிய இரண்டை எடுத்துக்கொள்வோம். 107ஐ இரட்டித்தால் 214. அதில் 104 போனால் 110. ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் 108 முதல் 112 வரையுள்ள மெகாஹெர்ட்சு வரிசை, விமானம் இறங்கும்போது ஓடுபாதையின் நேரைக் காட்டும் கருவிகளுக்கு உரியது! மலைக்குக் கீழே ஈப்போவில் விமான நிலையம் இருக்கிறது. பாட்டுக் கேட்பதில் ஏற்படும் தொல்லை பொறுக்கத்தக்கது. முகிலுக்குள் இறங்கும் விமானிக்குத் தவறான குறி கிடைப்பது பொறுக்கத்தக்கதன்று. எனவே, ஓர் உச்சியில் எண்களை வகுப்போர் ஒவ்வோர் இணைக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

மலேசியாவில் இப்பொறுப்பு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொடர்பு பல்லூடக ஆணையத்துடையது. அதன் அனுமதியின்றி எவரும் தம் விருப்பப்படி ஓர் எண்ணில் ஒலிபரப்பலாகாது. ஆனால் அலைகள் நாட்டெல்லை அறியா. இரவில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பிப் பல நாடுகளைக் கடக்கும். முன்பு ஆசியாவில் நிலையங்களுக்கிடையே 10 கிலோஹெர்ட்சு இடைவெளி விடுவோரும் 9 விடுவோரும் இருந்தனர். ஓரிரு கிலோஹெர்ட்சு மட்டுமே விலகிய இரு நிலையங்கள் ஒருங்கே வந்தால் சீழ்க்கையொலி கேட்கும். பழைய வானொலிப் பெட்டியை இரவில் திருகியோர் அதை மறந்திரார். 1975இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா முழுமைக்கும் 9 என்றே வகுத்தன. 1978 நவம்பர் 23 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிலையங்கள் பல தம் எண்களைச் சற்றே நகர்த்திக்கொண்டன.