மலைப் பாதைக்கும் தார்ச் சாலைக்கும் ஏற்ற டயர் எது?

கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வு மலையோடு பிணைந்த வாழ்வு. கீழே முல்லைப் பெரியாற்றின் நீரால் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டிலும் அதற்கப்பால் இடுக்கி மாவட்டத்திலும் ஏலக்காயும் மிளகும் காப்பியும் விளைகின்றன. நம் வட்டாரத்து விவசாயிகள் பலருக்கு அங்கே தோட்டம் உண்டு. தோட்டமில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே வேலை உண்டு. விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகள் புறப்பட்டுக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மேலேறுவதையும், மாலையில் தொழிலாளரைச் சுமந்து இறங்குவதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இவ்வண்டிகளுக்குச் செலவிடும் பணத்தில் டீசலுக்கு அடுத்தபடி நம் கவனத்திற்குரியது டயர்ச் செலவே. ஆயினும் டயர் வாங்கும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்கும் கேள்விகள் இரண்டே: விலை என்ன? பட்டன் எவ்வளவு பெரிது? இவ்விரண்டும் போதா என்பதையும், கேட்க வேண்டிய முதற் கேள்வி வேறொன்று என்பதையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரைக்கேற்ற வண்டி

தரைக்கேற்ற வண்டி என்பது இம்மலைக்குப் புதிய பாடமன்று. முன்னாளில் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து கம்பிவட வழியாகக் குரங்கணிப் பக்கம் மலையடிவாரத்தில் இறங்கும். பின்னர் மாட்டு வண்டியில் போடிக்குப் போகும். 1908 முதல் ஓடிய அச்சிறு ரயிலின் பாதையை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்துவிட்டது. சமதளத்திற்கு ஒன்று, செங்குத்துச் சரிவுக்கு ஒன்று, அடிவாரத்திற்கு ஒன்று என அன்று ஒவ்வொரு தரைக்கும் ஒவ்வொரு வாகனம் இருந்தது. இன்றோ தேசிய நெடுஞ்சாலை, கொண்டை ஊசி வளைவுகள், தோட்டத்து மண் பாதை, மழைக்காலச் சேறு ஆகிய அனைத்தையும் ஒரே ஜீப், ஒரே நான்கு டயர்களின் மீது கடக்க வேண்டியிருக்கிறது. டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடமோ ஏறத்தாழ ஒரு கை விரிப்பளவே. அவ்வளவு சிறிய இடத்தை நம்பியே பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்கின்றன.

மூவகை டயர்கள்

ஜீப் வகை வண்டிகளுக்கெனக் கடைகளில் கிடைப்பவை மூவகைப்படும். முதல் வகை எச்/டி எனப்படும் நெடுஞ்சாலை டயர். இதன் பட்டன்கள் நெருக்கமானவை, வெட்டுகள் குறுகியவை. தார்ச் சாலையில் ஓசையின்றி ஓடும், ஈரத்தில் நன்றாக நிற்கும், மெதுவாகத் தேயும். சேற்றிலோ இதன் வெட்டுகள் மண்ணால் அடைபட்டு, டயர் வழுவழுப்பாகிவிடும்.

இரண்டாம் வகை எம்/டி எனப்படும் சேற்று டயர். பெரிய பட்டன்கள்; அவற்றினிடையே அகன்ற இடைவெளிகள். சக்கரம் சுழலும்போது சேற்றைத் தானே உதறிவிட்டு அடுத்த பிடியைப் பிடிக்கும். பக்கச் சுவரும் தடித்திருக்கும். ஆயினும் இடைவெளி மிகுந்திருப்பதால் தார்ச் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. ஆகவே நனைந்த தாரில் வண்டி நிற்க அதிகத் தூரம் வேண்டும். பட்டன்கள் வளைவுகளில் நெளிந்து விரைவாகவும் ஒழுங்கின்றியும் தேயும். இரைச்சலும் டீசல் செலவும் கூடும்.

மூன்றாம் வகை ஏ/டி எனப்படும் இருதரை டயர். இது முன்னிரண்டிற்கும் இடைப்பட்டது. சரளையிலும் மேடுபள்ளத்திலும் ஓரளவு சேற்றிலும் பிடிப்புத் தரும். தார்ச் சாலையிலும் முறையாக நடந்துகொள்ளும்.

முதற் கேள்வி

இம்மூன்றில் எதை வாங்குவது? நம் வண்டி எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதே முதற் கேள்வி. ஒரு வார காலம் டிரைவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தார் எவ்வளவு, மண் எவ்வளவு என்று எழுதச் சொன்னால் விடை கிடைத்துவிடும். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் ஒரு ஜீப்பில் 70 தாராகவும் 10 மண்ணாகவும் இருக்குமாயின், அவ்வண்டிக்குச் சேற்று டயர் பூட்டுவது எட்டில் ஒரு பங்கு வேலைக்காக மீதி ஏழு பங்கையும் கெடுத்துக்கொள்வதாகும்.

"அந்தப் பத்துக் கிலோமீட்டரில்தானே, ஐயா, வண்டி சிக்குகிறது?" என்று டிரைவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளியோ கயிறு கட்டி இழுத்தோ மீட்டுவிடலாம். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மழையில், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாத வண்டியை மீட்க வழியில்லை. சேற்றிற்கு மாற்று வழிகளும் உள்ளன. மழைக்காலத்தில் பின் சக்கரங்களுக்குச் சங்கிலி சுற்றிச் சேற்றைக் கடந்து, தார்ச் சாலைக்கு வந்ததும் கழற்றிவிடுவது மலைநாட்டு டிரைவர்கள் அறிந்த முறை. டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு நீண்டு பிடிப்புக் கூடும். ஆனால் தார்ச் சாலை ஏறுமுன் பழைய அளவிற்குக் காற்றுப் பிடித்தல் கட்டாயம். தவறினால் டயர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கக்கூடும். தோட்டத்தை விட்டு வெளியே வராது உரமும் காயும் சுமக்கும் வண்டிக்குச் சேற்று டயரே தகும். அதனை நாம் மறுக்கவில்லை.

நெசவாளர் சங்கத்தினருக்கும் இங்கு ஒரு சொல். ஜக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நூலையும் சேலைக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி, தேனி, மதுரை என ஓடும் வேனுக்கு நெடுஞ்சாலை டயரே போதுமானது. பெரிய பட்டன் கண்ணுக்கு உறுதியாகத் தோன்றுவதால் அதை வாங்குவது சங்கப் பணத்தைத் தார்ச் சாலையில் தேய்ப்பதேயாகும்.

பக்கச் சுவரில் உள்ள செய்தி

டயரின் பக்கச் சுவரில் அதன் குலமும் கோத்திரமும் பொறிக்கப்பட்டுள்ளன. பொலேரோ வண்டிகளில் காணும் 215/75 ஆர் 15 என்பதை எடுத்துக்கொள்வோம். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதாம். ஆர் என்பது ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பழைய ஜீப்புகளின் 6.00-16 என்பது ஆறங்குல அகலமும் பதினாறு அங்குல ரிம்மும் கொண்ட நைலான் டயரைக் குறிக்கும். ரேடியல் டயர் சூடு குறைவாக ஏறி, நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் பக்கச் சுவர் மெல்லியது, கூரிய கல்லுக்கு அஞ்சுவது. நைலான் டயரின் பக்கச் சுவர் கல்லைத் தாங்கும். ஆயினும் நெடுஞ்சாலையில் விரைவில் சூடேறும். இரண்டையும் ஒரே வண்டியில் கலந்து பூட்டுதல் ஆகாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின் நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஒரே வகையாகவும், தேய்விலும் ஒத்தனவாகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல் கியர்ப் பெட்டிக்குக் கேடு.

அளவிற்கு அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், டயர் தாங்கும் பாரத்தைக் குறிப்பது: 95 என்றால் 690 கிலோ, 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிப்பது: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். மலை ஜீப்புக்கு வேக எழுத்தைக் காட்டிலும் பார எண்ணே முக்கியம். வண்டி செய்தவர் குறித்த எண்ணுக்குக் குறைந்த டயரை, விலை மலிவு என்று வாங்கலாகாது. நான்கு டயர்களின் தாங்கு சக்தியைக் கூட்டி, அதுவரை ஆள் ஏற்றலாம் என்று எண்ணுவதும் தவறு. இறக்கத்தில் வளையும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்புறத்து வெளிச் சக்கரத்தின் மீதே சாய்கிறது.

இறுதியாக ஒரு நான்கிலக்க எண். 2224 என்றிருந்தால் அந்த டயர் 2024ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். ஆகையால் கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடி விலைக்குத் தந்தாலும் வாங்குவது சிக்கனமன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க.

விலையும் செலவும்

டயரின் விலை வேறு, டயரின் செலவு வேறு. கணக்கு முறையை விளக்குவதற்காக மட்டும் ஓர் உதாரணம் தருவோம். 7,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 17½ பைசா. 9,000 ரூபாய்ச் சேற்று டயர் 30,000 கிலோமீட்டரில் தேய்ந்தால் 30 பைசா. நான்கு சக்கரங்களுக்கும் கணக்கிட்டால் வேறுபாடு கிலோமீட்டருக்கு 50 பைசா. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒவ்வொரு சங்கமும் தத்தம் வண்டியின் மெய்யான எண்களை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்குப் பதிவேடு வேண்டும். ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் டயர் வாங்கிய பட்டியலை நாம் காண்கிறோம். பூட்டிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் கழற்றிய தேதியையும் காண்பது அரிதாயிருக்கிறது.

தேய்ந்த டயரும் மனித உயிரும்

இனி எல்லாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருவோம். ஏலக்காய் பறிப்பு பெரும்பாலும் ஆனி, ஆடி தொடங்கித் தை, மாசி வரை நீடிப்பது. தென்மேற்குப் பருவமழை மேலே இடுக்கிப் பக்கம் கொட்டுவதும், வடகிழக்குப் பருவமழை நம் சரிவுகளை நனைப்பதும் இக்காலத்திலேதான். ஆக, ஜீப்புகள் மிகுதியாக ஓடும் மாதங்களே சாலை மிகுதியாக நனையும் மாதங்கள். அவற்றில் ஏறிச் செல்வோரோ பெரும்பாலும் பெண்கள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் வயநாட்டில் தலப்புழைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் மாண்டனர். அவ்விபத்திற்கு டயரே காரணம் என்று நாம் கூறவரவில்லை. மலைச் சாலையில் ஒரு ஜீப்பின் பிடி தவறினால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையும் என்பதை நினைவூட்டவே கூறினோம்.

டயரின் வெட்டுகளுக்குள் சிறு மேடுகள் சில இருக்கும். பட்டன் அம்மேட்டளவிற்குத் தேய்ந்தால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் மட்டுமே மீதி என்று பொருள். ஜீப் போன்ற வண்டிகளுக்கு மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. மழைக்கால மலைச் சாலைக்கு அவ்வெல்லை வரை காத்திராமல், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது அறிவுடைமை. வெட்டில் ஆழம் இல்லையேல் நீர் வெளியேற வழியில்லை. டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். பக்கச் சுவரில் கீறலோ புடைப்போ கண்ட டயரை ஒட்டுப்போட்டு ஓட்டலாகாது. ரீட்ரெட் செய்த டயரை முன் சக்கரங்களில் பூட்டலாகாது. ஸ்டெப்னியும் மொட்டை டயராக இருக்கலாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நிர்வாகக் குழுவினர் ஆனி மாதத்திற்கு முன்னர் ஒரு நாளைக் குறித்து, சங்க வண்டிகளையும், அங்கத்தினர் தோட்டத்திற்கு ஆளேற்றும் வாடகை ஜீப்புகளையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்வையிடலாம். பட்டன் ஆழம் அளக்கும் சிறு கருவி சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து டயர்களின் ஆழம், செய்த ஆண்டு, பார எண், காற்றளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதலாம். குறைந்தபட்ச ஆழம் இல்லாத வண்டிக்கும், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆளேற்றும் வண்டிக்கும் வாடகை ஒப்பந்தம் இல்லை என்று தீர்மானிக்கலாம். வண்டிக்காரருக்கு ஒரே சமயத்தில் டயர் வாங்க வசதியில்லையெனின், பல வண்டிகளுக்கும் சேர்த்து விலைப்புள்ளி கேட்டுச் சங்கமே மொத்தமாக வாங்கித் தவணையில் வசூலித்துக்கொள்ளலாம். தனியொருவர் கேட்டால் கிடைக்காத விலை, நாற்பது டயர்களுக்குச் சேர்த்துக் கேட்டால் கிடைக்கும்.

வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் காற்றளவு பார்த்தலும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் பூட்டுதலும், அலைன்மெண்ட் சரிபார்த்தலும், இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாது கியரைக் குறைத்து இறங்குதலும் டிரைவர்களின் பொறுப்பு. அவர்கள் அவ்வாறு செய்வதற்கு வேண்டிய நேரத்தையும் பணத்தையும் ஒதுக்கித் தருவது சங்கத்தின் பொறுப்பு. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.