காளான் மருந்தாகுமா?



மழை ஓய்ந்த சமயம், கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்காரர் ஒரு மரத்தின் தூரைக் காட்டி, "சார், இந்தக் காளானைத்தானே பொடியாக்கி டப்பாவில விக்காங்க? இதை இடிச்சுக் குடிச்சா சர்க்கரை மாத்திரையை விட்டுறலாம்னு சொல்லுதாங்களே, நெசமா?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, முதல்ல மரத்தைப் பாருங்க" என்றேன். தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருந்தது.

அது கானோடெர்மா என்ற இனம். கட்டை மாதிரி கடினமாக, மேலே வார்னிஷ் பூசினாற்போல் பளபளப்பாக இருக்கும். 1952-ல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்கிறோமே, அந்த நோயை உண்டாக்குவது இதுதான். காளான் வெளியே தலைகாட்டும்போது உள்ளே வேரும் அடித்தண்டும் அழுகியிருக்கும். உடனே வேளாண்மை அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வையுங்கள்.

இதன் தாயாதி ஒன்றைத்தான் சீனர்கள் 'லிங்சி' என்றும், ஜப்பானியர் 'ரெய்ஷி' என்றும் சொல்லி வெகுகாலமாக மருந்தாகக் கொள்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருள்கள் காளான்களில் இருப்பது உண்மை. ஜப்பானில் வேறு சில காளான்களிலிருந்து எடுத்த மருந்தைப் புற்றுநோய்க்காரர்களுக்கு டாக்டர்கள் கொடுத்ததுண்டு. ஆனால் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதை நிறுத்திவிட்டு அல்ல. சர்க்கரை நோயை ரெய்ஷி குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. அந்தப் பொடியைத் தின்று கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. தோப்புக் காளானை இடித்துக் குடிப்பதோ, வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் காளானால் பயனே இல்லையா? உண்டு, குழம்புச் சட்டியில் உண்டு! சிப்பிக்காளான், பால்காளான் இரண்டிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; கொழுப்பு மிகக் குறைவு, மாவுச்சத்தும் கொஞ்சம்தான். 100 கிராமில் சுமார் 3 கிராம் புரதம். சர்க்கரைக்காரர் சோற்றைக் குறைத்துக்கொண்டு காளான் பொரியலைக் கூட்டிக்கொள்ளலாம். சமைக்குமுன் நறுக்கி, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். காளானில் உள்ள எர்கோஸ்டெரால் வெயில் பட்டதும் வைட்டமின் டி ஆக மாறும். எலும்புக்கு நல்லது, செலவும் இல்லை. பால்காளான் நம் வெக்கைக்கும் தாங்கும். அதில் ஏ.பி.கே.2 என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்டது.

மழைக்கு முளைக்கும் காளான் விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்தால் விஷம் முறியும், வெள்ளிக்காசு கறுத்தால்தான் விஷம், புழு அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் பொய்க்கணக்கு. புற்றுக்காளானைப் பரம்பரையாகப் பறிக்கிறவர்களே சில சமயம் ஏமாந்துபோகிறார்கள். சில விஷக் காளான்கள் தின்று ஆறு மணி நேரத்துக்குமேல் ஆன பிறகுதான் வாந்தி, பேதியைக் காட்டும். மறுநாள் சரியானதுபோல் இருக்கும். அதற்குள் கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கும். ஆகவே வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் படுக்கவைக்காமல், மிச்சமிருக்கும் காளானையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.