கத்தியா, கதிர்வீச்சா, காத்திருத்தலா? புற்றுநோய் மருத்துவர்கள் முடிவெடுக்கும் முறை

முடிவு கடினமாகும் இடம்

திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியான பின், பெரும்பாலான நோயாளிகளுக்கு எந்தச் சிகிச்சையை எந்த வரிசையில் அளிப்பது என்பது வழிகாட்டு நெறிகளில் ஏறக்குறைய வகுக்கப்பட்டே இருக்கிறது. இரண்டு வழிகளுமே ஏற்கத்தக்கவையாக இருந்து, ஒன்று ஆயுளுக்கு உறுதி தருவதாகவும் மற்றொன்று பேச்சையோ விழுங்கும் திறனையோ காப்பதாகவும் தோன்றும்போதுதான் அனுபவம் மிக்க மருத்துவர்களும் தயங்கி நிற்கிறார்கள். எடுத்த முடிவு தவறாகிவிட்டால் அதைப் பின்னர் திருத்திக்கொள்ள இடமிருக்குமா என்ற கேள்வியே அப்போது மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வருகிறது.

பல துறையினர் கூடும் அமர்வு

இத்தகைய முடிவை ஒரே மருத்துவரிடம் விடாமல், அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துச் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவர், ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியல் மருத்துவர், திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் நோயியல் மருத்துவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பேசும் முறை பெரிய மருத்துவமனைகளில் நடைமுறையில் உள்ளது. இதனை 'ட்யூமர் போர்டு' என்று அழைக்கிறார்கள். இந்தியாவில் 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, தொலைவிலுள்ள மருத்துவமனைகளும் கலந்துகொள்ளும்படி இத்தகைய அமர்வை இணையவழியிலும் நடத்தி வருகிறது.

வாய்ப்புற்று நோயாளி ஒருவரின் விவரம் அமர்வுக்கு வரும்போது, கட்டி தாடை எலும்பின் மேற்பரப்பை மட்டும் தொட்டிருக்கிறதா, உள்ளிருக்கும் மஜ்ஜைக்குள் புகுந்துவிட்டதா என்பதைக் கதிரியல் மருத்துவர் படத்தில் காட்ட, அதைக் கொண்டே எலும்பின் விளிம்பைச் சீவி எடுப்பதா, ஒரு பகுதியை முழுவதுமாக வெட்டி எடுப்பதா என்று அறுவை மருத்துவர் தீர்மானிக்கிறார். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் புண் எளிதில் ஆறாது என்பதால், சொத்தைப் பற்களை முன்கூட்டியே அகற்றுவதற்குப் பல் மருத்துவரையும் அழைக்கிறார்கள்.

கையில் தட்டுப்படாத கழுத்துக் கட்டி

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ சிறிய புற்று இருந்து, கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களில், அதாவது பேச்சுவழக்கில் நெறிகட்டும் இடங்களில், வீக்கம் எதுவும் தென்படாத நோயாளிக்குக் கழுத்தையும் திறந்து கணுக்களை அகற்றலாமா என்பது பல பத்தாண்டுகள் விடை காணப்படாமல் இருந்த கேள்வியாகும். தோள்பட்டையை உயர்த்தும் தசைக்குச் செல்லும் நரம்பு அந்தக் கணுக்களுக்கு நடுவே ஓடுவதால், அறுவையில் அது பாதிக்கப்பட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்குவதே சிரமமாகிவிடும். கணுக்களில் நோயே இல்லாத ஒருவருக்கு இந்த இழப்பு வீணாகவே நேரும். ஆகவே கழுத்தில் கட்டி தோன்றிய பிறகு அறுவை செய்துகொள்ளலாம் என்ற கருத்துக்கும் வலுவான ஆதரவு இருந்தது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. முடிவுகள் கணக்கிடப்பட்ட 500 நோயாளிகளில், முதல் அறுவையின்போதே கழுத்துக் கணுக்களும் அகற்றப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் 3 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். காத்திருந்து கட்டி தோன்றியபின் அறுவை செய்துகொண்ட பிரிவில் அது 67.5 விழுக்காடாகவே இருந்தது. காத்திருந்தவர்களுக்கு நோய் திரும்பியபோது பெரும்பாலும் முற்றிய நிலையில், கணுவின் உறையைக் கிழித்து வெளியே பரவியதாக இருந்ததே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். தோள்பட்டைக் குறையை உடற்பயிற்சியால் ஓரளவேனும் சீர்செய்ய முடியும், பரவிவிட்ட நோயைத் திரும்ப அழைக்க முடியாது. எனினும் கட்டி திசுவுக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதவர்களிடம் இந்த நன்மை தெளிவாகப் புலப்படவில்லை. ஒரு நோயாளியின் கழுத்தைத் திறப்பதா வேண்டாமா என்பது நுண்ணோக்கியின் கீழ் அளக்கப்படும் அந்தச் சில மில்லிமீட்டர்களைப் பொறுத்ததாகிறது.

காத்திருப்பது சரியாகும் நோய்கள்

இதே கேள்விக்குப் புராஸ்டேட் சுரப்பியின் தொடக்கநிலைப் புற்றில் வேறு விடை கிடைக்கிறது. பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்ற மூன்று பிரிவுகளாகப் பிரித்து ஆராய்ந்ததில், 15 ஆண்டுகளுக்குப் பின்னும் எந்தப் பிரிவிலும் அந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ மாறிக்கொண்டார்கள். அவர்களிடையே நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் சிறுநீர்க் கசிவு போன்ற தொல்லைகளைப் பலர் பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட முடிந்தது.

குரல்வளைப் புற்றின் கதை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அமெரிக்காவில் 332 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1991-இல் வெளியான ஆய்வில், கீமோதெரபி கொடுத்துப் பார்த்து, கட்டி சுருங்கினால் கதிர்வீச்சு, சுருங்காவிட்டால் அறுவை என்ற முறை பின்பற்றப்பட்டது. உயிர்பிழைத்தவர்களின் அளவு, குரல்வளையை முதலிலேயே அகற்றியவர்களுடையதற்குச் சமமாகவே இருந்ததோடு, 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளையும் தப்பியது.

உடலின் தாங்குதிறனும் கையிருப்பும்

ஆய்வு தரும் விழுக்காடு ஒரு கூட்டத்தைப் பற்றியது. எதிரே அமர்ந்திருப்பவரோ ஒருவர். அவர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்கிறாரா, பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே இருக்கிறாரா என்பதை 0 முதல் 4 வரை மதிப்பிடும் அளவுகோல் உண்டு. வயதைக் காட்டிலும் இந்த மதிப்பெண்ணே பல நேரங்களில் கீமோதெரபியின் அளவைத் தீர்மானிக்கிறது. சிறுநீரகமோ செவிப்புலனோ குன்றியவருக்கு, அவ்விரண்டையும் மேலும் பாதிக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் மருந்து தவிர்க்கப்படுகிறது.

செலவைப் பற்றிப் பேசுவது மருத்துவ அறத்துக்கு ஒவ்வாது என்ற எண்ணம் தவறானது. நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் வாங்க இயலாத, தலை கழுத்துப் பகுதியில் நோய் முற்றிய நோயாளிகளுக்கு, 3 வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் என்ற மிகக் குறைந்த அளவை மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்து டாட்டா நினைவு மருத்துவமனையினர் ஆராய்ந்தனர். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்ததை 2022-இல் வெளியிட்டனர். ஏழை நோயாளியின் வசதியையும் மருத்துவக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டதால் கிடைத்த பயன் இது.

நோயாளி கேட்க வேண்டியவை

அமர்வின் முடிவு ஒரு பரிந்துரையே. ஒப்புதல் தர வேண்டியவர் நோயாளி. நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவிட்டுக் குடும்பத்தினர் மட்டும் மருத்துவரிடம் பேசுவது நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கிறது என்றாலும், குரலை இழக்கப் போகிறவரின் விருப்பத்தை அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, துன்பத்தைத் தணிப்பதா, வேறு வழி எது, அதை ஏன் விலக்கினீர்கள், சில வாரங்கள் தாமதித்தால் என்ன இழப்பு என்று நோயாளி நேரடியாகக் கேட்கலாம். வேறொரு மருத்துவரின் கருத்தை நாடுவதையும் நல்ல மருத்துவர்கள் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

அறுவைக்குப் பின் வரும் திசு அறிக்கை மீண்டும் அமர்வுக்குச் செல்கிறது. வெட்டிய விளிம்பில் நோய் எஞ்சியிருந்தாலோ கணுவின் உறை கிழிந்திருந்தாலோ கதிர்வீச்சுடன் கீமோதெரபியும் சேர்க்கப்படலாம். வாய்ப்புற்றில் அந்தக் கதிர்வீச்சை ஏறத்தாழ 6 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது என்பதால், அறிக்கை என்றைக்குக் கிடைக்கும், யாரைச் சந்திக்க வேண்டும் என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளிலேயே குடும்பத்தினர் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.