உடைந்தது பானை, திறந்தது மனம்!

திட்டக்குடியை ஒட்டி வெள்ளாறு ஓடுகிறது. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பது பழைய வழக்கம். யார் தோண்டினாலும் ஒரே தண்ணீர்தான் சுரக்கும். தண்ணீருக்குச் சாதி தெரியாது.

குடத்தில் மொண்ட பிறகுதான், "இது உன் குடம், இது என் குடம்" என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சு ஆற்றிலா இருக்கிறது? இல்லை. மனிதன் மனதில் இருக்கிறது!

திட்டக்குடி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலில் 1924-ம் ஆண்டு பிறந்தவர் எல். இளையபெருமாள். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. அவருடைய பள்ளி நாட்களைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள்.

இரண்டு பானைகள்

பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைகள் இரண்டு இருந்தன. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்று. மற்றவர்களுக்கு ஒன்று. 'இதுதான் வழக்கம்' என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

இளையபெருமாள் இருக்கவில்லை. தனிப் பானையை உடைத்தார். புதுப் பானை வந்தது. அதையும் உடைத்தார். விசாரணை நடந்தது. அவர் மறைக்கவில்லை; காரணத்தையும் சொன்னார். தலைமை ஆசிரியர் யோசித்தார். "இனி எல்லோருக்கும் ஒரே பானை" என்று முடிவாயிற்று.

அங்கே மாறியது சட்டம் அல்ல. இரண்டு பேருடைய மனம். 'நான் தாழ்ந்தவன் அல்ல' என்று ஒரு சிறுவன் நம்பினான். 'அவன் சொல்வது நியாயம்' என்று ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டார். முதல் மனம் மட்டும் இருந்திருந்தால் சிறுவனுக்கு அடிதான் கிடைத்திருக்கும். இரண்டாவது மனமும் சேர்ந்ததால் பானை ஒன்றாயிற்று.

டெல்லி வரை

அந்தச் சிறுவன் வளர்ந்து, 1952-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

தீண்டாமையை 1950-ல் அரசியல் சட்டம் ஒழித்தது. 1955-ல் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆனாலும் வழக்கம் போகவில்லை. நிலைமையை ஆராய 1965-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் இளையபெருமாள்தான். 1969-ல் குழு அறிக்கை கொடுத்தது. சட்டம் இருந்தும் தீண்டாமை சாகவில்லை என்பதை அது எடுத்துக் காட்டியது.

1976-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. முன்பெல்லாம் அபராதம் கட்டித் தப்பலாம். அதன் பிறகு, குற்றம் உறுதியானால் குறைந்தது 1 மாதம் சிறை, அபராதமும் உண்டு.

2005-ல் இளையபெருமாள் காலமானார். அவர் எழுப்பிய கேள்வி காலமாகவில்லை.

நம் வீட்டில்?

டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தால் சட்டம் கேட்கும். நம் வீட்டுக் கொல்லைப்புறத்தை யார் கேட்பது? வேலைக்கு வருகிறவருக்கென்று அங்கே ஒரு தனித் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறதா?

நாம் வாயால் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அந்தத் தம்ளரைப் பார்த்தே குழந்தை கற்றுக்கொள்ளும்.

இன்றைக்கே அதை எடுத்து, மற்றத் தம்ளர்களோடு சேர்த்து வையுங்கள். குழந்தை அதையும் பார்க்கட்டும்!